மச்சான் பிடித்த கயிறு

அவள் வாங்க மாட்டாள் என்றுதான் நம்பியிருந்தான்.

மாதி இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். உயரமான கண்ணாடிக் கோப்பை. உள்ளே தேன் நிறத்தில் பீர். மேலே நுரை.

அவன் அவளுடைய அண்ணன். பக்கத்து நாற்காலியில்தான் இருந்தான். எட்டித் தட்டிவிட்டிருக்கலாம். அரங்கமே பார்த்துக்கொண்டிருந்தது.

பெங்களூரில் சொந்தமாக பீர் காய்ச்சி விற்கும் ஒரு கம்பெனியின் கடை அது. மலைத்தேனில் காய்ச்சிய புது பீருக்கு இன்று அறிமுக விழா. கோத்தகிரிப் பக்கத்திலிருந்து அண்ணனையும் தங்கையையும் காரில் கூட்டிவந்து, மாலை போட்டு, முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள்.

சுவரில் ஆளுயரத்துக்குக் காளனின் படம். காட்டுக்கொடியில் பின்னிய ஏணியில் தொங்கிக்கொண்டு சிரிக்கிறான். மாதியின் புருஷன். பாட்டிலில் ஒட்டிய தாளிலும் அதே சிரிப்புதான்.

போன சித்திரையில் அந்தப் படத்தை எடுத்துக் கொஞ்ச நேரத்தில்தான் காளன் விழுந்தான்.

படத்துக்குக் கீழே அஞ்சலி என்று எழுதியிருந்தார்கள். நல்ல மனசுக்காரர்கள்.

தேனெடுக்கப் பாறையில் இறங்குகிறவனுக்கு மேலே கயிறு பிடிப்பவன் அவன் மனைவியின் கூடப்பிறந்தவன். வேறு யாரையும் விட மாட்டார்கள். சொந்தத் தம்பியைக்கூட நம்ப மாட்டார்கள். தன் தங்கையை முண்டச்சியாக்க எந்த அண்ணனும் துணிய மாட்டான் என்ற ஒரே தைரியத்தில்தான் காலங்காலமாக ஆண்கள் அந்தப் பள்ளத்தில் இறங்குகிறார்கள்.

அவனும் துணியவில்லை. சத்தியமாகத் துணியவில்லை.

தேனுக்குப் போகிறவர்கள் விரதம் இருக்க வேண்டும். கறி கூடாது, சாராயம் கூடாது, மனைவி பக்கம் போகக் கூடாது. எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தான். அன்று படம் எடுக்க வந்த கம்பெனிக்காரர்கள் பாறை உச்சியில் ஒரு பாட்டிலை நீட்டினார்கள். போன தடவை நீங்கள் கொடுத்த தேனில் செய்தது, வெறும் தேன்தான் என்றார்கள்.

காளன் மோந்து பார்த்துவிட்டு, சிரித்துத் திருப்பிக் கொடுத்தான்.

கயிறு பிடிக்க வந்த அவன் வாங்கிக்கொண்டான். தேனில் என்ன தீட்டு? சாமிக்கே படைக்கிற பொருள். முழுப் பாட்டிலையும் குடித்தான். தேன் என்றார்களே, இனிக்கக் காணோமே என்று மட்டும் தோன்றியது.

வெறும் வயிறு. வெயில். கை கதகதவென்று இருந்தது. சுகமாகக்கூட இருந்தது.

கீழேயிருந்து கயிறு வெடுக்கென்று இழுபட்டது. இறுக்கு என்று அர்த்தம். அது அவனுக்குப் புரிந்தது. புரிந்தது கைக்குப் போய்ச் சேர்வதற்குள் கயிறு லேசாகிவிட்டது.

கொடி அறுந்துவிட்டது என்றார்கள். பாறை ஈரம் என்றார்கள். ஆளாளுக்கு அவனைத்தான் தேற்றினார்கள். பீர் கொடுத்தவர்களுக்கோ, அதில் என்ன தப்பு என்றே தெரியாது.

அன்று மாதியின் காலடியில் விழுந்து கதறினான். அவள்தான் அவன் முகத்தைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள். மூச்சு பட்டிருக்க வேண்டும்.

"என்ன வாசம்ண்ணா இது? தேன் குடிச்சியா?"

ஆமாம் என்றான். பொய்யில்லையே என்று இத்தனை நாளும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறான்.

வருகிற சித்திரையில் அவள் மகன் நஞ்சன் முதல்முறையாகப் பாறையில் இறங்குகிறான். கல்யாணம் ஆகாதவன். அவனுக்குத் தாய்மாமன்தான் கயிறு. நீ இருக்கும்போது எனக்கென்ன பயம் என்று போன வாரம்கூட மாதி அண்ணனிடம் சொன்னாள். அந்த வார்த்தையில்தான் அவன் சோறு தின்கிறான், தூங்குகிறான். அது போனால் அவனுக்கு ஒன்றும் இல்லை.

"வெச்சுடு மாதி. இது இனிக்காது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

மாதி திரும்பவில்லை.

மேடையில் கம்பெனிக்காரர் மைக்கைப் பிடித்து விளக்கிக்கொண்டிருந்தார். தேனில் இருக்கிற இனிப்பு மொத்தத்தையும் ஈஸ்ட் தின்றுவிடுமாம். போதை நன்றாகவே ஏறுமாம். கடைசியில் தேனின் வாசம் மட்டும் அப்படியே நிற்குமாம்.

மாதி கோப்பையை முகத்தருகே கொண்டுபோனாள்.

அங்கேயே நிறுத்தினாள்.

கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை மோந்தாள். நிதானமாக. பிறகு ஒரு வாய் குடித்தாள். நுரை மேலுதட்டில் ஒட்டிக்கொண்டது. அவள் துடைக்கவில்லை.

ஒப்பாரி வைப்பாள் என்று காத்திருந்தான். கோப்பையை முகத்தில் வீசுவாள் என்று காத்திருந்தான். வீசினால் தேவலை என்றிருந்தது. அவள் அவன் பக்கம் பார்க்கக்கூட இல்லை.

கம்பெனிக்காரர் இறங்கிவந்து அவள் முன்னால் குனிந்தார்.

"எப்படிம்மா இருக்கு?"

"நல்லா இருக்குங்க."

"சித்திரையில உங்க பையன் இறங்கறப்ப நாங்க படம் எடுக்க வரலாங்களா?"

"வாங்க." கோப்பையைத் தரையில் வைத்தாள். "கயிறு நாந்தான் புடிக்கிறேன்."

எந்தப் பெண்ணும் அந்தப் பாறையில் ஏறியதில்லை. தேனெடுக்கும் நாளில் மலைப் பெண்கள் அந்தத் திசை பார்த்துத் தலைகூட வார மாட்டார்கள்.

கம்பெனிக்காரருக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? மனுஷன் பூரித்துப்போனார். ஓடிப்போய் மைக்கில் அறிவித்தார். கணவன் இறங்கிய பாறையில், மகனுக்குக் கயிறு பிடிக்கப்போகும் தாய்!

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

அவனும் எழுந்தான். அவனும் தட்டினான்.