பின்சீட்டு பெல்ட்

இன்றைக்கும் கத்திவிடு என்று ஜெயப்பிரியா மனதுக்குள் காரிடம் கெஞ்சினாள்.

சங்ககிரியிலிருந்து சேலத்துக்கு நான்கு பேர் பகிர்ந்து போகும் மின்சாரக் கார் அது. "ரோட்டுல நாலு பைக் கொறையுதல்ல" என்று பெருமைப்பட்டபடி பக்கத்தில் உட்கார்ந்து வந்த கணவன் பிரபாகர் ஆடி மாதம் இறந்துபோனான். அதிலிருந்து அந்தக் காலி இடத்துக்கு பெல்ட் மாட்டச் சொல்லிக் கார் கத்துகிறது. அவள் மாட்டிவிட்டால் அடங்குகிறது. அவன் இறங்கும் கொண்டலாம்பட்டியில் பெல்ட் தானாகக் கழன்றுகொள்கிறது. ஒர்க்‌ஷாப்பில் பழுதே இல்லை என்றார்கள்.

இன்றும் கத்தியது. மாட்டினாள்.

மகுடஞ்சாவடியில் புதிதாக ஒருவர் புக் செய்துவிட்டு நின்றார்.

"காத்துக்கு எதுக்குங்க்கா பெல்ட்டு? கழட்டுங்க, ஆள் ஏறட்டும்" என்றான் ஓட்டுநர் இளவழகன்.

"கொண்டலாம்பட்டி வரட்டும் சாமி" என்றாள். பெல்ட்டின் மேலிருந்த கையை எடுக்கவில்லை.