கடித்த வாய்

வட்டச் செயலாளரின் மச்சான் காதைக் கடித்தது அர்ஜுன்தான் என்று ஊரே சொன்னது. அர்ஜுனும் நம்பினான். அவனுக்கு வேறு வழி இல்லை. அன்று திருவொற்றியூர் பாரில் மூன்றாவது குவார்ட்டருக்குப் பிறகு நடந்தது எதுவும் அவன் மண்டையில் பதியவில்லை.

கும்பலாக அடிதடி. மச்சானின் இடது காதில் பாதி போய்விட்டது. தோளிலும் ஆழமாக ஒரு கடி. போலீஸ் வந்தபோது எல்லோரும் ஓடிவிட, மச்சான்மேல் குப்புற விழுந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்த அர்ஜுன் மட்டும் ஓடவில்லை. சட்டையெல்லாம் ரத்தம். மச்சானுக்கும் அதே அளவு போதை என்பதால், காலையில் கைகாட்டச் சொன்னபோது எதிரே நின்றவனைக் கைகாட்டினார். அத்துடன் புலன்விசாரணை இனிதே முடிந்தது.

அர்ஜுன் காசிமேட்டில் விசைப்படகுக்குப் போகிறவன். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அம்மு முழுகாமல் இருந்தாள். கேஸ் ருசுவானால் ஏழு வருஷம் வரை போகலாம் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வயதில்தான் அப்பன் முகத்தையே பார்க்கும்.

அந்த நேரத்தில் சிறையில் வெள்ளத்துரை அண்ணாச்சி கிடைத்தார். சாத்தாங்காட்டில் பழைய இரும்பு வியாபாரம், தெற்கத்திக்காரர், திருட்டு இரும்பு வாங்கிய கேஸ். அந்த பிளாக்கில் எல்லாருக்கும் சட்ட ஆலோசனை அவர்தான். அவரிடம் ஆலோசனை கேட்ட ஒருத்தரும் இதுவரை வெளியே போனதில்லை என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

“எல தம்பி, ஒன்னையப் பிடிச்சு வச்சிருக்கது போலீஸ் இல்ல, ஒம் பல்லு. தோள்ல இருக்க கடியப் போட்டோ பிடிச்சிருக்கானுவ. கோர்ட்டுல ஒம் பல்லை அச்செடுத்து அதோட வச்சுப் பாப்பானுவ. பொருந்திச்சுன்னா தீந்துது கதை.”

“அய்ய, இப்ப இன்னா அண்ணாச்சி பண்றது? எனுக்கு ஒண்ணுமே நாபகம் இல்ல. அல்லாரும் நீதான் கட்ச்சேன்றாங்க. கட்ச்சிருப்பேன்.”

“நம்ம யாவாரத்துல என்ன செய்வோம்? திருட்டுக் கம்பி வந்தா மொதல்ல கம்பெனி முத்திரை இருக்க துண்டை வெட்டி எறிஞ்சிருவோம். அப்பறம் அது யாரு கம்பின்னு எவன் சொல்லுவான்? மேல முன்னால ரெண்டு பெரிய பல்லு இருக்குல்லா? அதான் ஒம் முத்திரை.”

அர்ஜுன் நாக்கால் இரண்டையும் தடவிப் பார்த்தான். ஒரு சொத்தை கிடையாது. அந்தப் பல்வரிசையைப் பார்த்துத்தான் அம்மு மயங்கினாள்.

“நல்லாக்கீற பல்ல எப்டி அண்ணாச்சி புடுங்குவாங்க?”

“இது ஜெயிலுல்லா!” என்று சிரித்தார் அண்ணாச்சி.

அவர் சொன்னது நிஜம். அந்தச் சிறையில் பல் டாக்டர் வேலை காலியாகிப் பல காலம் ஆயிற்று. இருந்த கம்பவுண்டருக்குத் தெரிந்த பல் வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். சொத்தை என்றாலும் பிடுங்குவார், ஈறு வீங்கினாலும் பிடுங்குவார், கூச்சமாக இருக்கிறது என்று வாயைத் திறந்தவனையும் விடமாட்டார். அடைப்பது, வேர் சிகிச்சை எல்லாம் வெளியே இருக்கிற யோக்கியர்களுக்கு. தண்டனை குறைகிறதோ இல்லையோ, உள்ளே வந்தவனுக்குப் பல் குறைந்தது. நிஜமாகவே வலித்தவர்கள் அவருக்குப் பயந்து, வீங்கிய கன்னத்தோடு உப்புத் தண்ணீரைக் கொப்பளித்துக்கொண்டு கிடந்தார்கள். பார்க்கவே பாவமாக இருக்கும்.

அர்ஜுன் கன்னத்தைப் பிடித்தபடி போய் நின்றான்.

“எது?” என்றார் கம்பவுண்டர்.

“தோ, இந்த ரெண்டும் சார். ஒரே பேஜாரு.”

ஆடுகிறதா என்று தொட்டுப் பார்க்கவில்லை. மரத்துப்போகிற ஊசி ஸ்டாக் இல்லை. இரண்டு பேர் தோளை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். அவன் போட்ட அலறலில் சமையற்கட்டில் கரண்டி நின்றது. பஞ்சை வாயில் திணித்துவிட்டு “அடுத்த ஆள்” என்றார் கம்பவுண்டர். எங்கேயும் எழுதி வைக்கவில்லை. டாக்டரே இல்லாத ஜெயிலில் யார் பல்லைப் பிடுங்கியதாக எழுதுவது?

“இனிமே கோர்ட்டுக்குப் போற வரைக்கும் வக்கீலம்மாகிட்டகூட வாயத் திறக்காத. காரியம் கெட்டுப்போவும்” என்றார் அண்ணாச்சி.

அம்மு மனு போட்டுப் பார்க்க வந்தபோதும் துண்டால் வாயை மூடிக்கொண்டே நின்றான்.

“இன்னாயா, பல்லு வலியா?”

“ஒண்ணுமில்ல. சீக்கிரமா வூட்டுக்கு வந்துடுவேன், பாரு.”

வக்கீல் மகிழினி, இலவச சட்ட உதவியில் கிடைத்தவர். கைதான மறுநாள் அவனை நேரில் பார்த்ததோடு சரி. அதன்பின் காவல் நீட்டிப்பெல்லாம் வீடியோவில்தான். திரையில் உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுகிறவனைப் பார்த்து, பையன் பயத்தில் ஊமையாகிவிட்டான் என்று மனசு கேட்காமல் ராப்பகலாக உழைத்தார்.

விசாரணை நாள் வந்தது. பல் அச்செடுக்க டாக்டர் தயாராக உட்கார்ந்திருந்தார். பின்வரிசையில் அம்மு, வயிற்றில் கை வைத்தபடி. கூண்டில் நின்ற அர்ஜுனுக்கு உள்ளுக்குள் ஒரே கும்மாளம். எடுத்துக்கோ நைனா, எத்த வெச்சு நீ ஒட்டிப் பாக்கறேன்னு நானும் பாக்கறேன்.

மகிழினி எழுந்தார். முகமெல்லாம் சிரிப்பு. அம்முவைத் திரும்பிப் பார்த்து, கவலைப்படாதே என்று கண்ணைக் காட்டிவிட்டுக் கணீரென்று ஆரம்பித்தார்.

“கனம் நீதிபதி அவர்களே, அச்செல்லாம் எடுக்கவே வேண்டாம். காயத்தை ஆராய்ந்த டாக்டரே இங்கே இருக்கிறார். கடித்த ஆளுக்கு மேல்வரிசையில் முன்பல் இரண்டும் கிடையாது என்று உறுதியாகச் சொல்கிறார். என் கட்சிக்காரரை ஒரே ஒரு தடவை வாயைத் திறக்கச் சொல்லுங்கள், இப்போதே வீட்டுக்குப் போய்விடுவார்!”