இரண்டாம் பகுதி

அழிக்கும் கட்டளையில், கணினி வட்டின் பெயருக்குப் பின்னால் ‘1’ என்று போட மறந்துவிட்டேன்.

போட்டிருந்தால் முதல் பகுதி மட்டும் அழிந்திருக்கும். அது சோதனைக்கென்றே ஒதுக்கியது. எண்ணே இல்லையென்றால் முழு வட்டு என்று அர்த்தம். நிரல் சொன்ன பேச்சைக் கேட்டது. இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பூஜ்ஜியமாக எழுதித் தள்ளிவிட்டது.

இரண்டாம் பகுதியில் அக்கா இருந்தாள்.

நாலு நிமிடக் குரல் பதிவு. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியது. ஒரு தடவை வந்துவிட்டுப் போ என்று அவள் கேட்டதற்கு, அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். அவளுக்கு அடுத்த வாரம் இல்லாமல் போயிற்று.

மூன்று வருடமாகத் தினமும் காலையில், வேலையைத் தொடங்குமுன் அதைப் போடுவேன். இன்றும் போட்டேன். “டேய் குட்டி, உன் மேல எனக்குக் கோவம்” என்பாள். அங்கேயே நிறுத்திவிடுவேன். மிச்சத்தைக் கேட்கத் தைரியம் வந்ததில்லை. என்றாவது கேட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன்.

நகல் எடுத்து வையுங்கள் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவன், இதற்கு ஒரு நகல்கூட எடுக்கவில்லை. பழைய போனும் எப்போதோ போயாயிற்று.

“என்னப்பா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க? ஹேங் ஆயிடுச்சா? ஒரு ரீபூட் போடட்டா?”

பக்கத்து மேசைக்காரி சுவிட்சுக்குக் கையை நீட்டினாள். பாய்ந்து தடுத்தேன். ஏன் தடுத்தேன் என்பது அதற்கப்புறம்தான் எனக்கே உறைத்தது.

கணினி இயங்குதளத்தின் கருவான கெர்னலில் ஒரு மாதமாக நான் திருத்திக்கொண்டிருக்கும் பிழையே இதுதான். வட்டிலிருந்து படித்ததைத் தற்காலிகமாக நினைவில் வைத்துக்கொள்ளும் இடம்தான் கேஷ்; முழு வட்டுக்கு ஒரு கேஷ், அதன் ஒவ்வொரு பகுதிக்கும் தனிக் கேஷ். வட்டின் வழியாக எதை எழுதினாலும் பகுதிக்குத் தகவல் போவதில்லை. அது பாட்டுக்குப் பழையதையே நினைவில் வைத்துக்கொண்டிருக்கும், மெஷினை அணைக்கும்வரை. என் திருத்தம் இன்னும் இந்த மெஷினில் ஏறவில்லை. நல்லவேளை, நான் சோம்பேறி.

ஆனால் படித்ததை மட்டும்தான் கேஷ் வைத்திருக்கும். நான் படித்தது ஒற்றை வரி. மிச்சத்தை அழித்தது என் பயம்தான்.

இருந்தாலும் கெர்னலுக்கு ஒரு பழக்கம் உண்டு. எப்படியும் கேட்கத்தானே போகிறான் என்று, கேட்டதற்கு மேலே கொஞ்சம் தானாகவே படித்து வைத்துக்கொள்ளும்.

முதலில் நகல் எடுத்தேன். பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

“டேய் குட்டி, உன் மேல எனக்குக் கோவமெல்லாம்...”

அவ்வளவுதான். மூன்று வருடமாக ஒரு சொல்லை நடுவில் வெட்டிக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு சத்தமே இல்லை. பாக்கி நிமிடங்கள் முழுவதையும் நிறுத்தாமல் கேட்டேன்.