கொட்டாவி

செண்பகவல்லியின் மகள் நிவேதிதாவுக்குத் தாடை சிறியது. பற்கள் இடமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி முளைத்திருந்தன.

"பல்லைப் பிடுங்கவே வேண்டாம்மா. கம்பி போடுறப்பவே இந்த மருந்தையும் குடுத்தா, தாடை எலும்பு வளர்ந்து தானா இடம் குடுத்துடும்" என்றார் பல் டாக்டர்.

"எனக்கு இப்படியே இருக்கட்டும்மா" என்றாள் நிவேதிதா.

"சும்மா இருடி. ஒரு போட்டோவுலயாவது நீ வாயைத் திறந்து சிரிச்சிருக்கியா?"

பற்கள் அழகாக வரிசைக்கு வந்தன. கம்பியைக் கழற்றி, மருந்தையும் நிறுத்தினார்கள். எலும்பு மட்டும் வளர்வதை நிறுத்தவில்லை. காதோரம் இரண்டு பக்கமும் தாடை மூட்டு எலும்போடு எலும்பாக ஒட்டிக்கொண்டது. வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்குக்கூடத் திறக்கவில்லை. அறுத்துப் பிரித்தாலும் மறுபடி வளர்ந்து ஒட்டிக்கொள்ளும் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அன்றிலிருந்து கஞ்சியும் ஸ்ட்ராவும்தான்.

ஒரு மாலை பாடம் எழுதிக்கொண்டிருந்தவளுக்குக் கொட்டாவி வந்தது. வெளியே வர வழியில்லாமல் அது தொண்டையிலேயே முட்டியது. இரண்டு கன்னங்களையும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது.

"ஒரே ஒரு தடவை முழுசா விட்டாப் போதும்மா" என்றாள், பல்லிடுக்கு வழியாக.

பக்கத்தில் உட்கார்ந்து அவள் காதோரம் நீவிவிட்ட செண்பகவல்லிக்கும் கொட்டாவி தொற்றிக்கொண்டது. சட்டென்று எழுந்து சமையலறைக்குள் போனாள். சுவரைப் பார்த்து நின்று, முந்தானையை வாயில் அழுத்தி, பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"நீயாவது விட்டுரும்மா" என்று மகளின் குரல் கேட்டது.