வெள்ளியங்கிரிக்கு லேசர்

"இந்த வயசுல உனக்கு எதுக்கு புள்ள லேசரு கீசரெல்லாம்? கம்முனு இரு."

வெள்ளியங்கிரி இப்படிச் சொல்லி இருபது நாள்கூட ஆகவில்லை. துவைக்கப் போட்ட அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு அழகு நிலையத்தின் கார்டு விழுந்தது.

அவர் மனைவி சௌந்திரம் எடுத்துப் பார்த்தாள். 'ஒரே சிட்டிங்கில் பளபளப்பு.' திருச்செங்கோட்டில் அவள் போக ஆசைப்பட்ட அதே கடை! பின்பக்கம் பேனாவால் எழுதியிருந்தது: வெள்ளியங்கிரி, செவ்வாய், 11 மணி.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்று வருஷமாக இரண்டு கன்னத்திலும் கருந்திட்டாக மங்கு. ஆவணியில் மகள் கனிஷ்காவுக்குக் கல்யாணம். நிச்சயதார்த்தத்தில் எடுத்த அத்தனை போட்டோவிலும் சௌந்திரம் யார் முதுகுக்காவது பின்னால்தான் நின்றிருந்தாள். கல்யாணத்திலாவது முன்னால் நிற்கலாம் என்றுதான் வெட்கத்தை விட்டுக் கேட்டாள். அதற்குத்தான் 'கம்முனு இரு'.

இப்போது இந்த மனுசன், ஐம்பத்தாறு வயசில், போர் போடும் ரிக் வண்டி மூன்றுக்கு முதலாளி, தலை சீவக்கூட மறந்து போகிறவர், லேசருக்கு நாள் குறித்திருக்கிறார்!

பக்கத்து வீட்டுக் கமலவேணியிடம் சொன்னாள்.

"நானே சொல்லோணும்னு இருந்தேனுங்க்கா. ரெண்டு நாளா அண்ணன் கண்ணாடி முன்னாலயே நிக்கறாரு. சன்னல் வழியாப் பாத்தேன்."

"நீ எதுக்குடி என்ற ஊட்டுச் சன்னலப் பாக்கற?"

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வெள்ளியங்கிரி இடது கன்னத்தில் பெரிய பிளாஸ்திரியோடு வந்து சேர்ந்தார்.

"ஏனுங்க, என்ன அது?"

"ரிக்கு வண்டி சைலன்சரு சுட்டுருச்சு."

"சைலன்சர்ல போய்க் கன்னத்த வெச்சீங்களாக்கும்?"

அவர் கை கழுவிவிட்டு உட்கார்ந்தார். தயிர்ச் சோறு மட்டும் கேட்டார். சௌந்திரம் தட்டை வைத்த வேகத்தில் தயிர் மேஜையெல்லாம் தெறித்தது.

எனக்கு வயசாகிவிட்டது, இவருக்கு மட்டும் ஆகவில்லையாக்கும்! கேட்டுவிடலாம்தான். கேட்டால் அழுகை வந்துவிடும். அதனால் கேட்கவில்லை.

அடுத்த வாரம் அவர் குளித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. சௌந்திரம் எடுத்தாள்.

"சேலம் ஸ்கின் கிளினிக்ல இருந்து பேசறோம். சார் பதினோரு மணிக்கு வந்துருவாருங்களா?"

"வருவாரு, வருவாரு. கிளினிக் எங்க இருக்குது?"

"சூரமங்கலம் மெயின் ரோடுங்க."

ஒரு கன்னம் போதாதென்று இப்போது சேலத்துக்கு வேறா! அவர் காரை எடுத்துக்கொண்டு கிளம்பியதும், சௌந்திரம் சேலம் பஸ் ஏறினாள். இன்றைக்கு அந்த டாக்டர் முன்னாலேயே நாலு கேள்வி கேட்டுவிடுவது என்று வழியெல்லாம் மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனாள்.

"டோக்கன் போட்டீங்களாம்மா?" என்றாள் கிளினிக் பெண்.

"என்ற ஊட்டுக்காரரு உள்ள இருக்கறாரு" என்று சொல்லி நிற்காமல் நடந்தாள்.

கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே அவர் குரல்.

"தப்பா நெனச்சுக்காதீங்க டாக்டரம்மா. நீங்க தோலுக்குன்னே படிச்சவங்கதானுங்களே? சில பேரு பத்து நாள் டிரெயினிங் முடிச்சுட்டு மெசின் வாங்கி வெச்சுக்கறாங்க. அதான் கேக்கறேன்."

சௌந்திரத்துக்கே மானம் போனது. டாக்டரிடம் கேட்கிற கேள்வியா இது? தன் முகத்து மேல் இவருக்கு இத்தனை கரிசனமா?

டாக்டர் மோனிஷா சிரித்தார். "தாராளமா கேளுங்க. தோல் மருத்துவத்துல எம்.டி. என் பதிவு நம்பர் போர்டுலயே இருக்கு. மெடிக்கல் கவுன்சில்ல சரிபாத்துக்கலாம்."

"மகளுக்குத் தெரியாம மருமகப் புள்ளைய விட்டு அந்த நம்பரப் பாத்துட்டுத்தானுங்க வந்தேன். மங்குக்கு லேசரு நீங்களே புடிப்பீங்களா, வேற ஆராச்சுமா?"

"தேவைன்னா நானே செய்வேன். ஆனா முதல்ல தோலைப் பாக்கணும். என்ன மாத்திரை சாப்பிடறாங்கன்னு கேக்கணும். பல பேருக்கு க்ரீமே போதும். எடுத்த எடுப்புல லேசர் வெச்சா சில பேருக்கு இன்னும் கருத்துப் போயிரும்."

"அங்க ஒண்ணுமே கேக்கலீங்க. உக்காருன்னாங்க. உக்காந்தேன். சுட்டுப்போட்டாங்க."

டாக்டர் பிளாஸ்திரியைப் பிரிக்கிற சத்தம் கேட்டது.

"அடடா, தோலே வெந்திருக்கே! ரொம்ப எரிஞ்சிருக்குமே?"

"எரிஞ்சுதுங்க. ஊட்டுல சொல்லல."

பிறகு டாக்டர், "ஆமா, உங்க முகத்துல மங்கே இல்லையே. அப்புறம் எதுக்கு அங்க போய் உக்காந்தீங்க?" என்றார்.

கேள்விகளோடு வந்த சௌந்திரம், கதவில் வைத்த கையை எடுக்காமல் நின்றாள்.

"எனக்கில்லீங்க, என்ற சம்சாரத்துக்கு. அந்தக் கடைக்குத்தான் போவோணும்னு ஒரே புடியா நின்னா. அவ மூஞ்சில வெக்கறதுக்கு முன்னால, என்ற மூஞ்சில வெச்சுப் பாத்துருவோம்னு போனனுங்க."