டயர் பார்க்க இறங்கியவர்

நோட்டில் நான்கு நாள் பக்கங்கள் காலியாகக் கிடந்ததைப் பார்த்ததும் ஆஸ்பத்திரி சிஸ்டரின் முகம் மாறிவிட்டது.

“சும்மா விட்டா அது சைபர் ஆகாதுங்க. ஓடலைன்னா ஓடலைன்னு எழுதணும். மூணு நாள் தொடர்ந்து காலியா இருந்தா ரெண்டாவது டோஸ் கிடையாது. அதுதான் இந்த மருந்து ஆய்வோட விதி.”

பஸ் டிரைவருக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. அந்த வயிறு பாவம், ஒன்பது வருஷத்தில் இப்போதுதான் நாலு நாள் நிம்மதியாக இருந்தது.

குடலெல்லாம் புண். விழுங்காத மாத்திரை இல்லை. கடைசியில்தான் இந்தப் புது மருந்து வந்தது. வீக்கத்தைக் கிளப்பிவிடும் மரபணுவின் வாயை அடைக்கிற சரக்கை, கண்ணுக்கே தெரியாத நானோ கொழுப்பு உருண்டைகளில் ஏற்றி அனுப்புகிறார்களாம். நடுவில் எங்கும் இறங்காமல் புண்பட்ட குடலில் போய்த்தான் இறங்குமாம். அட, நம்ம எக்ஸ்பிரஸ் வண்டி மாதிரி என்று அன்றைக்கே அவருக்கு அதைப் பிடித்துப்போயிற்று.

முதல் டோஸ் போட்டு ஆறு வாரம். கழிப்பறைக்கு அவசரமாக ஓடுகிற ஒவ்வொரு தடவையும் நோட்டில் ஒரு கோடு போட வேண்டும். ஒழுங்காகத்தான் போட்டுக்கொண்டு வந்தார். பாவி மனுஷன், போன நாலு நாளாக நோட்டு என்று ஒன்று இருப்பதையே மறந்துபோனார். வயிறு என்று ஒன்று இருப்பதையும்தான்.

இரண்டாவது டோஸ் இல்லையென்றால் பழையபடி ஓட்டம்தான்.

அவர் முழித்த முழியைப் பார்த்து சிஸ்டர் கொஞ்சம் இறங்கிவந்தார். அந்தந்த நேரத்தில் எழுதின வேறு காகிதம் ஏதாவது, அரை நாளுக்கானாலும், இருந்தால் போதும் என்றார்.

இருந்தது. டிரிப் ஷீட்.

நிறுத்தம் இல்லாத இடத்தில் பஸ் நின்றால், நேரத்தையும் காரணத்தையும் கண்டக்டர் அதில் எழுதியாக வேண்டும். டிரைவர் சொல்லும் காரணம் எப்போதும் ஒன்றுதான்: டயர் பார்க்கணும். பெட்ரோல் பங்க் ஓரமாக நிறுத்தி, டயரை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, பங்க்கின் பின்பக்கக் கழிப்பறைக்குப் பாய்வார்.

அவர் வியாதி டிப்போவில் ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. தெரிந்தால் ஸ்டியரிங்கைப் பிடுங்கிக்கொண்டு மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள். அந்தப் பயத்தில் கூடவே வேலை பார்க்கும் கண்டக்டரிடமும் மூச்சு விட்டதில்லை. இன்றைக்குக்கூடப் பல்வலி என்றுதான் லீவு.

சிஸ்டருக்கும் கேட்கட்டும் என்று கண்டக்டருக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார். குரலைக் கனமாக்கிக்கொண்டு, டயர் விஷயமாக ஒரு விவரம் வேண்டும், போன நாலு நாளில் எத்தனை தடவை இறங்கினேன் பார்த்துச் சொல் என்றார்.

காகிதம் புரளும் சத்தம். கண்டக்டர் கேட்காததையும் சேர்த்து வாசித்தான். இரண்டு மாதம் முன்னால் ஒரு நாளைக்கு எட்டு. போன மாதம் நாலு. அப்புறம் இரண்டு, ஒன்று. நாலு நாளாக எதுவுமே இல்லை.

நோட்டுக் கோடுகளின் மேல் விரலை ஓட்டி ஒப்பிட்ட சிஸ்டர், ஒத்துப்போகிறது என்று தலையாட்டி, நாலு பக்கத்திலும் சைபர் போட்டுக் கையெழுத்திட்டார். டிரைவருக்கு அங்கேயே எழுந்து ஒரு ஆட்டம் போடவேண்டும் போலச் சந்தோஷம் பொங்கியது. சரி, வைக்கிறேன் என்றார்.

“இருங்கண்ணே. பக்கத்துல டாக்டர் இருந்தா, மருந்து நல்லாக் கேக்குதுன்னு நான் சொன்னதா சொல்லிடுங்க. ஒம்பது வருஷமா பாசஞ்சருங்ககிட்ட டயரைப் பத்திப் புளுகிப் புளுகி எனக்கு வாயே வலிச்சுப்போச்சு.”