மச்சான் ஊதிய பலூன்கள்

மச்சான் எனக்குத் தர வேண்டிய பாக்கி ஐயாயிரத்து நானூறு. என் முகத்தில் விழிக்கக் கூசி இரண்டு வருடமாக எட்டிப் பார்க்காதவன், இந்த சனிக்கிழமை என் மகளின் பிறந்தநாளுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நிற்கிறான். வெளியே பனி. ஜன்னல் கண்ணாடி பால் ஊற்றியதுபோல் வெளுத்திருக்கிறது. அடுப்படியில் என் மனைவியின் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. தம்பியை நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறாள். என் மடியில் ஊதாத பலூன்கள். சிமெண்டுத் தூசி தின்ற நெஞ்சு, பாதி ஊதுவதற்குள் இருமல் பிடுங்குகிறது. "அப்பாவால முடியல மாமா, நீங்க ஊதுங்க" என்று மகள் ஒரு சிவப்புப் பலூனை அவன் கையில் திணிக்கிறாள். அவன் தயங்கி என்னைப் பார்க்கிறான்.

"ஊதுடா மச்சான். ஒண்ணுக்கு நூறு கழிச்சுக்கறேன்."

"உடைஞ்சா, அத்தான்?"

"வட்டி போடுவேன்."

அடுப்படியில் களுக்கென்று ஒரு சிரிப்பு. கரண்டி மறுபடி அசைகிறது. அந்த மங்கிய வெளிச்சத்தில் அவனுடைய மூச்சு சிவப்பாக, மஞ்சளாக, நீலமாகத் தரையில் மெல்ல உருள்கிறது. மகள் அதன் பின்னாலேயே தவழ்கிறாள். ஆறாவது பலூனில் அவனுக்கு மூச்சு வாங்குகிறது.

"போதும்டா, கணக்கு நேராயிடுச்சு. செருப்பைக் கழட்டிட்டு உள்ள வா."